பொன்முகலிக் கரையும் வேங்கடக் காடும்

தில்லியிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் சென்னைக்கு வரும் தமிழர்களுள் பெரும்பாலோர், ரயில் கூடூரைக் கடந்ததும் படுக்கையைச் சுருட்டத் தொடங்கிவிடுகிறார்கள். இன்னும் இரண்டு மணி நேரத்தில் வீடு என்ற நினைப்பு வந்த பிறகு சன்னலுக்கு வெளியே பார்க்க யாருக்கு மனம் வரும்? அந்த இரண்டு மணி நேரத்துக்குள்தான் நாயுடுபேட்டை என்ற ஊர் வந்து போகிறது. விரைவு வண்டிகளுள் பல அங்கு நிற்பதுமில்லை. நீர் குறைந்து மணல் மிகுந்த ஓர் ஆறு, பனைமரங்கள், முள்புதர் மண்டிய வெளி, மேற்கே வெகு தொலைவில் நீலக் கோடாக ஒரு மலைத்தொடர் ஆகியவைதாம் கண்ணில் படும். பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத இடம் என்று தோன்றுவது இயல்பே.

நேயர்களே, ஒன்றுமில்லாததாகத் தோன்றும் அந்த வெளியில் கால்நடையாகச் செல்வதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். அந்த மணலாறு சுவர்ணமுகி. தேவாரத்திலும் பெரிய புராணத்திலும் பொன்முகலி என்று வருவது அதுவே. அந்த நீலக் கோடு வேங்கடத் தொடர். தொல்காப்பியத்தின் சிறப்புப் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்துக்கு வட எல்லையாகக் கூறிய மலை அது. எல்லையைத் தாண்டி அயல் மாநிலங்களில் குடியேறிய நாம், அந்த எல்லையை உறங்கிக்கொண்டோ மூட்டை கட்டிக்கொண்டோ கடக்கிறோம். ஒருமுறையேனும் இறங்கி அதை நடந்து பார்த்தால் என்ன?

நாயுடுபேட்டை நெடுங்காலம் நெல்லூர் மாவட்டத்தில் இருந்தது. 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டம் புதிதாக அமைந்தபோது அதில் சேர்க்கப்பட்டது. கிழக்கே சென்றால் பழவேற்காட்டு ஏரியும் கடலும். மேற்கே சென்றால் ஆற்றங்கரையும் காளத்தியும் சேஷாசலக் காடுகளும். இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கும் ஊர் அது. மருதம், நெய்தல், முல்லை, குறிஞ்சி ஆகிய நானிலங்களையும், முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் திரிந்த பாலையையும் சில நாள் நடையில் கண்டுவிடலாம். இவ்வளவு நெருக்கமாக அவை அமைந்திருக்கும் இடங்கள் அதிகமில்லை.

முதலில் ஆற்றைப் பற்றிச் சொல்கிறேன். சுவர்ணமுகி சந்திரகிரிப் பக்கத்து மலைகளில் தோன்றித் திருச்சானூர், காளத்தி, நாயுடுபேட்டை ஆகிய ஊர்களைத் தொட்டு, வாக்காட்டு வட்டாரத்தைக் கடந்து வங்கக் கடலில் கலக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழை வலுத்தால் கரை புரளும். மற்ற மாதங்களில் பெரும்பாலும் மணல்தான். 2021 நவம்பரில் பெய்த பெருமழையில் இந்த ஆறு கொண்ட சீற்றத்தைத் திருப்பதி மக்கள் மறந்திருக்கமாட்டார்கள். மணலாயிற்றே என்று அதை இகழ்ந்துவிடலாகாது. அந்த மணலுக்குள் நீர் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆற்றுப் படுகையில் ஊற்றுக்கால் தோண்டி, அதில் கசியும் நீரைக் கரையோர வயல்களுக்குக் கொண்டு செல்வது இப்பகுதி உழவர்களின் பழைய முறை. மணலை அள்ளிக்கொண்டு போனால் ஊற்றும் போய்விடும். கரையில் நடப்பவன், மணல் இருக்கும் இடத்தில் பசுமையையும், மணல் வெட்டப்பட்ட இடத்தில் காய்ந்த வாய்க்காலையும் அடுத்தடுத்துக் காண்பான். வண்டியில் செல்பவனுக்கு இந்த வேறுபாடு தெரியாது.

நாயுடுபேட்டையிலிருந்து காளத்தி, சாலை வழியே 30 கிலோமீட்டர் அளவில் இருக்கும். ஆற்றங்கரையை ஒட்டிச் செல்லும் ஒற்றையடிப் பாதைகளும் வண்டிப் பாதைகளும் ஒரே தொடர்ச்சியாக இல்லை. ஓரிடத்தில் வயல் வரப்பு, மற்றோரிடத்தில் பனந்தோப்பு, வேறோரிடத்தில் சீமைக் கருவேலம் வழிமறிக்க மணலிலேயே இறங்கி நடக்க வேண்டிய நிலை. ஆயினும் காளத்தியை நெருங்கும்போது ஆறு திரும்புகிறது. கரையை நெருங்கிப் பாறை மலை ஒன்று செங்குத்தாக எழுகிறது. மலைக்கும் நீருக்கும் இடையே கோயில் அமர்ந்திருக்கிறது. சேக்கிழார் கூறும் திண்ணனார் கதையை நினைத்துப் பாருங்கள். பன்றியைத் துரத்திக்கொண்டு நாணனும் காடனும் உடன்வர அவர் நெடுந்தொலைவு ஓடி வருகிறார். காடு முடிந்து பொன்முகலி தெரிகிறது. அதற்கப்பால் குன்று தெரிகிறது. காடு, ஆறு, குன்று என்ற அந்த வரிசை இன்றும் மாறவில்லை. கதையை நம்புகிறவரும் நம்பாதவரும் ஒப்புக்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு: அதைப் பாடியவர் இந்நிலத்தின் அமைப்பை அறிந்தே பாடியிருக்கிறார்.

கரையோரத்தில் தமிழரின் சுவடுகள் வேறு பலவும் உண்டு. காளத்திக்கு அருகிலுள்ள தொண்டமநாடுதான் கல்வெட்டுகளில் வரும் தொண்டைமானாற்றூர். சோழப் பேரரசை நிலைநாட்டிய முதலாம் ஆதித்தன் உயிர் நீத்த இடம் அது. ‘தொண்டைமானாற்றூர்த் துஞ்சின உடையார்’ என்றே அவனுக்குப் பெயர் வழங்கியது. அவன் நினைவாக மகன் பராந்தகன் எடுப்பித்த கோயில் இன்றும் நிற்கிறது. ஆற்றின் மேல்வாயில் குடிமல்லம் என்ற சிற்றூரில், முன்புறம் உருவம் செதுக்கிய மிகப் பழைய லிங்கம் ஒன்றுள்ளது. கிறிஸ்து பிறப்பதற்கு முற்பட்டது என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். திருப்பதிக்குச் செல்லும் இலட்சக்கணக்கானவர்களுள் குடிமல்லத்துக்குத் திரும்புவோர் மிகச் சிலர். கூட்டமில்லாமல் நின்று பார்க்கலாம் என்பதால் எனக்கு இதில் பெரிய வருத்தமில்லை.

கிழக்குப் பக்கம் வேறு உலகம். நாயுடுபேட்டைக்குத் தெற்கே, ரயில் பாதையிலேயே தொரவாரிசத்திரம் என்ற சிறிய நிலையம் இருக்கிறது. அதற்கு அருகில் நேலப்பட்டு ஏரி. சுமார் 459 ஹெக்டேர் பரப்புள்ள பறவைகள் சரணாலயம் அது. கூழைக்கடாக்கள் பெருங்கூட்டமாக வந்து கூடு கட்டும் இடங்களுள் இந்தியாவில் புகழ் பெற்றது. ஏரிக்குள் நீரில் நிற்கும் செங்கடம்பு மரங்களின் மேல், ஒரே மரத்தில் பல கூடுகள். அதே மரங்களை நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், இராக்கொக்கு, நீர்க்காகம் ஆகியவையும் பங்கிட்டுக்கொள்கின்றன. கூழைக்கடா இரை தேடுவது இங்கன்று, பழவேற்காட்டு உப்பேரியில். அங்கே மீன் பிடித்துக்கொண்டு, வெயிலில் எழும் காற்றில் சிறகசையாமல் வட்டமிட்டு ஏறி, குஞ்சுகளிடம் திரும்பி வருகிறது. அந்த ஏரிக்கரையில் அரைநாள் உட்கார்ந்திருப்பது, சில சமயம் பத்து மைல் நடப்பதைவிட நல்லது என்பேன். பக்கத்தில் வெதுரப்பட்டு என்ற கிராமத்தில் மஞ்சள் மூக்கு நாரைகள் ஊருக்குள் இருக்கும் புளிய மரங்களிலேயே கூடு கட்டும். எச்சமும் நாற்றமும் பொறுத்துக்கொண்டு மக்கள் அவற்றை விரட்டாமல் வாழ்ந்து வந்திருக்கிறார்கள். சரணாலயம் என்ற சொல் சட்டத்தில் ஏறுவதற்கு முன்பே அது ஊர்வழக்கில் இருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

நாள் முழுதும் சொற்களை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்கு மாற்றி வைக்கும் தொழில் என்னுடையது. ஆகையால் இவ்விடத்து ஊர்ப்பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே செல்ல முடியவில்லை. வெதுரு என்றால் தெலுங்கில் மூங்கில். நம் சங்க இலக்கியத்திலும் மூங்கிலுக்கு வெதிர் என்று பெயர். நேல என்றால் நிலம். ஏரு என்பது ஆறு. மடுகு என்பது நம் மடு. மலைமேல் ஏறும் படிவழி தொடங்கும் அலிபிரி, ‘அடிப்புளி’ என்ற தமிழ்ச் சொல்லின் திரிபு என்பர். மலையடிவாரத்தில் நின்ற புளிய மரம் தந்த பெயராம். சங்கப் புலவர் மாமூலனார் வேங்கடத்துத் தலைவன் புல்லியைக் குறிப்பிடுகிறார். பொருள் தேடிச் சென்ற தலைவன் கடந்த அயல்நிலத்தை மொழிபெயர் தேயம் என்று அக்காலத்தவர் அழைத்தனர். மொழி அங்கே திடீரென்று முறிவதில்லை. வரப்பு வரப்பாக, ஊர் ஊராக, ஓர் எழுத்து இங்கே மெலிந்து ஓர் எழுத்து அங்கே வலிந்து, மெல்லப் பெயர்கிறது. இதைக் காதால் அறிவதற்கு நடந்து செல்வதே வழி. 1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோதும், படாஸ்கர் தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் 1ஆம் நாள் திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியபோதும் இவ்வெல்லையைக் குறித்து எத்தனையோ வாதங்கள் நிகழ்ந்தன. ஆடு மேய்ப்பவரும் நாரையும் அவ்வாதங்களில் கலந்துகொண்டதாகத் தெரியவில்லை.

இனி அந்த முள்வெளிக்கு வருவோம். காரை, களா, சூரை, ஈச்சம் புதர்களும், மழைக்குப் பின் முழங்கால் உயரம் எழும் புல்லும் நிறைந்த நிலம். இதற்கு அரசாங்க ஏடுகளில் தரிசு என்று பெயரிட்டிருப்பது பெரும் பிழை என்பது என் கருத்து. ஏடுகளில் சொல் எவ்வளவு வலிமையுடையது என்பதை அறிந்தவன் என்ற முறையில் கூறுகிறேன். தரிசு என்று எழுதிவிட்டால் அதைக் கொடுத்துவிடலாம், வேலியிடலாம், தோண்டலாம். கௌதாரியும் முயலும் நரியும் வாழ்வதும், ஆட்டு மந்தைகள் மேய்வதும் அந்தத் தரிசில்தான். 2008இல் தொடங்கிய ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையும், நாயுடுபேட்டையை அடுத்த மேனகூருச் சிறப்புப் பொருளாதார மண்டலமும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை தந்திருக்கின்றன. அதை மறுப்பது நியாயமன்று. ஆனால் மதில் எழுந்த இடத்தில் பழைய பாதை முடிந்துவிடுகிறது. பாதைக்குப் பட்டா கிடையாது. நாலு தலைமுறை நடந்த வழி என்பதற்குச் சான்று தேய்ந்த மண்தான். ஒரு மழைக்காலம் யாரும் நடக்காவிட்டால் அந்தச் சான்றும் மறைந்துபோகும்.

அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றின் உயர்ந்த கரைகளின் மேல், காடும் புல்வெளியும் கலந்த நிலத்தில், பழங்குடி மக்கள் கரடி வடிவிலும் பறவை வடிவிலும் எழுப்பிய மண்மேடுகள் உள்ளன. 1949இல் அவ்விடத்தைத் தேசிய நினைவிடமாக்கி, மேடுகளுக்கிடையே நடைபாதைகளைப் பேணி வருகிறார்கள். இங்கிலாந்தில் 1932இல் தொழிலாளர்கள் கிண்டர் ஸ்கவுட் என்ற மேட்டு நிலத்தில் தடையை மீறி நடந்து சிறை சென்றார்கள். 1965இல் அதே வட்டாரத்திலிருந்து பென்னைன் நெடுவழி திறக்கப்பட்டது. நடக்கும் உரிமையை அவர்கள் கேட்டுப் பெற்றார்கள். நம்மிடம் பாதைகள் ஏராளமாக இருந்தன. கோயிலும் சந்தையும் அவற்றைக் காத்துவந்தன. அதனால் அவற்றைப் பற்றி யாரும் எண்ணவில்லை போலும்.

கோயில் காத்த பாதைக்குத் திருமலையே சிறந்த எடுத்துக்காட்டு. 1944இல் மலைச்சாலை திறக்கப்படும் வரை மலை மேல் செல்ல நடைவழியும் டோலியும்தான். அலிபிரியிலிருந்து செல்லும் வழி ஏறத்தாழ 9 கிலோமீட்டர், 3,550 படிகள். சந்திரகிரிப் பக்கம் சீனிவாச மங்காபுரத்தை அடுத்துத் தொடங்கும் ஸ்ரீவாரி மெட்டு 2,388 படிகள். குறுகியது, ஆனால் செங்குத்தானது. விஜயநகர அரசர் சந்திரகிரியிலிருந்து இவ்வழியே வந்ததாகக் கூறுவர். 2021 மழையில் சிதைந்த இப்பாதை செப்பனிடப்பட்டு 2022 மே மாதம் மீண்டும் திறக்கப்பட்டது. அலிபிரி வழியின் கடைசி ஏற்றத்துக்குத் தமிழில் முழங்கால் முறிச்சான் என்று பெயர். வைத்தவர் அனுபவஸ்தராகவே இருந்திருக்க வேண்டும். இராமாநுசர் மலையைக் காலால் மிதிக்க அஞ்சி அங்கே முழங்காலால் ஏறினார் என்பது வைணவ மரபு.

மலையேறும்போது பாறைகளையும் சற்றுப் பார்க்க வேண்டுகிறேன். அடியில் மிகப் பழைய கருங்கல் பாறை. அதற்கு மேல் படிவுப் பாறையாகிய குவார்ட்சைட். இவ்விரண்டும் தொட்டுக்கொண்டிருக்கும் கோட்டில் ஏறக்குறைய 80 கோடி ஆண்டு கால இடைவெளி மறைந்திருக்கிறது என்று புவியியலார் கணிக்கின்றனர். இதைத் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறார்கள். கோயிலுக்கு அருகிலுள்ள சிலாதோரணம் என்ற இயற்கைக் கல்வளைவும் அத்தகைய சின்னமே. ஈச்ச மரம் போலத் தோன்றும் சைக்கஸ் பெட்டோமி என்ற தொன்மையான தாவரம் பெரும்பாலும் இம்மலைகளுக்கே உரியது. பொன்னிறப் பல்லி, பாறை இடுக்குகளில் இரவில் வெளிவரும். இக்காடுகள் 1989இல் ஸ்ரீவெங்கடேசுவரா தேசியப் பூங்காவாகவும், 2010இல் சேஷாசலம் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அமைந்தன.

படிவழி நெரிசலானது. காட்டு வழி வேண்டுவோர்க்குத் தீர்த்த யாத்திரை இருக்கிறது. தை மாதப் பௌர்ணமியில் இராமகிருஷ்ண தீர்த்தம், மாசிப் பௌர்ணமியில் குமாரதாரை, பங்குனிப் பௌர்ணமியில் தும்புரு தீர்த்தம். ஆண்டுக்கு ஒருமுறை, அந்த நாளையொட்டி மட்டுமே, பாபவிநாசம் அணைப் பக்கத்திலிருந்து காட்டுக்குள் நடந்து செல்ல மக்களை அனுமதிப்பது வழக்கம். தும்புரு தீர்த்தத்துக்குச் செல்லும் வழி உண்மையில் ஒரு பள்ளத்தாக்குப் பயணம். இருபுறமும் நெடுஞ்சுவராகப் பாறை, நடுவே பாறைகளைத் தழுவி ஓடும் நீர், மேலே கீற்றாக வானம். முதியோரும் இருதய நோயாளரும் வர வேண்டாம் என்று தேவஸ்தானத்தார் ஆண்டுதோறும் எச்சரிப்பதை அசட்டை செய்யலாகாது. ஓராண்டில் 360 நாளுக்கு மேல் காட்டைக் காட்டுக்கே விட்டுவிட்டுச் சில நாள் மட்டும் மனிதன் நுழையும் இந்த ஏற்பாட்டை வகுத்தவர் யாரோ, அவர் அறிவாளி.

ஏனெனில் மனிதனும் விலங்கும் ஒரே வழியில் நடப்பது விளையாட்டன்று. 2023 ஆகஸ்டு மாதத்தில் அலிபிரிப் படிவழியில், பெற்றோருடன் சென்ற ஆறு வயதுச் சிறுமியைச் சிறுத்தை கொன்றது. அதன்பின் சிறுத்தைகள் சில கூண்டில் பிடிக்கப்பட்டன. பிற்பகல் 2 மணிக்கு மேல் சிறுவர்களை அவ்வழியே அனுமதிப்பது நிறுத்தப்பட்டது. யாத்திரிகர் கையில் கழி கொடுக்கப்பட்டது. கழியைக் கண்டு நகைத்தவர்கள் உண்டு. தனக்கு வீசப்படும் தீனியால் நாயும் குரங்கும் பெருகி, அவற்றைத் தேடிச் சிறுத்தை படியோரம் வருகிறது என்பதை எண்ணிப் பார்த்தவர்கள் குறைவு. வழியில் உணவை எறிந்துவிட்டுச் செல்லும் ஒவ்வொருவருக்கும் அதில் பங்குண்டு.

மற்றொன்றையும் மறைக்காமல் கூற வேண்டும். செஞ்சந்தன மரம் இயற்கையாக வளர்வது உலகத்தில் இந்தத் தென்பகுதிக் கிழக்கு மலைத்தொடர்களில் மட்டுமே. அதன் விலைக்காக அதை வெட்ட, தமிழ்நாட்டு மலையூர்களிலிருந்து ஏழைகளைக் கூலிக்கு அழைத்துச் செல்லும் தரகர்கள் இருக்கிறார்கள். 2015 ஏப்ரல் 7ஆம் நாள் சேஷாசலக் காட்டில் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். திருவண்ணாமலை, தருமபுரி முதலிய மாவட்டங்களைச் சேர்ந்த தமிழர்கள் அவர்கள். பொருள் தேடி வேங்கடம் கடந்தவர்கள் என்ற சொற்றொடர் அவர்களுக்கும் பொருந்தும். இக்காட்டில் தமிழ் பேசிக்கொண்டு அனுமதியில்லாமல் ஒற்றையடிப் பாதையில் நுழைபவன் ஐயத்துக்கு உள்ளாவதன் காரணம் இதுவே. எனவே காட்டிலாகாவின் அனுமதியும், உள்ளூர் வழிகாட்டியும் இல்லாமல் படிவழியை விட்டு விலக வேண்டாம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதையே கூறுகிறது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டக் குரங்கணியில் காட்டுத் தீயில் நடைபயணிகள் 20க்கு மேற்பட்டோர் மாண்ட பிறகு தமிழ்நாட்டில் விதிகள் வகுக்கப்பட்டன. 2024 அக்டோபரில் 40 மலைப்பாதைகள் வழிகாட்டிகளுடன் முறையாகத் திறக்கப்பட்டன. வழிகாட்டிகள் அந்தந்த ஊர்ப் பழங்குடியினரும் கிராமத்தாரும் ஆவர். இத்தகைய ஏற்பாடு இங்கும் வருமானால், காடு அறிந்த யானாதி மக்களுக்கும் பிழைப்பு உண்டு, பாதைக்கும் காவல் உண்டு.

படியேற விரும்பாதவர்களுக்குத் தலக்கோனை இருக்கிறது. 270 அடி உயரத்திலிருந்து விழும் அருவி. அதற்குச் செல்லும் வழியில் மரங்களைப் பின்னிப் படர்ந்த பெருங்கொடிகளும் நிழலும். தடாவுக்கு மேற்கே உப்பலமடுகு அருவியும் சென்னை இளைஞர்கள் அறிந்ததே. அங்கே பாறை வழுக்கும், மடுவின் ஆழம் கண்ணுக்குத் தெரியாது. நீந்தத் தெரிந்தவர்களும் மடிந்திருக்கிறார்கள். மழை பெய்த மறுநாள் அங்கே செல்லாதீர்கள்.

புறப்பட ஏற்ற காலம் மார்கழியும் தையும். நேலப்பட்டில் கூழைக்கடாக்கள் குஞ்சுகளோடு இருக்கும்; பழவேற்காட்டில் பூநாரைகள் வந்திருக்கும்; ஆற்றில் கணுக்கால் அளவு நீர் ஓடும்; வெயில் உறைக்காது. விடுமுறையில் ஊர் செல்பவர்கள் இரண்டு நாள் முன்னதாகப் பயணச்சீட்டு எடுத்துக் கூடூரில் இறங்கிச் சாதாரண வண்டிக்கு மாறினால் போதும். நாயுடுபேட்டையிலும் தொரவாரிசத்திரத்திலும் அது நிற்கும். மூட்டையை உறவினர் ஒருவருடன் சென்னைக்கு அனுப்பிவிடுங்கள். தண்ணீர்ப் புட்டி, தொப்பி, முள் ஏறாத செருப்பு, தெலுங்கில் வழி கேட்க நாலு வார்த்தை ஆகியவற்றை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ‘தாரி எக்கட’ என்று கேட்டால், முதியவர்கள் பலர் உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தமிழிலேயே விடை சொல்வார்கள்.